இறக்கி வைத்த காய்ச்சல்

காய்ச்சலைப் பற்றி என்னிடம் தாராளமாகக் கேட்கலாம். வட்டக்கச்சியில் ஒரு முன்பள்ளியில் பதினொரு வருடமாகப் படிப்பிக்கிறேன். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேரை ஒரு கட்டடத்துக்குள் வைத்திருப்பவளுக்குக் காய்ச்சல் புதினமில்லை. காலையில் வாசலில் ஒரு பிள்ளை செருப்பைக் கழற்றும் விதத்திலேயே அதற்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுவேன். சுகாதாரப் பகுதியினர் வைத்த வகுப்பு ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. முன் கதிரையில் இருந்து, தலைப்புக்குச் சிவப்பு, விஷயத்துக்கு நீலம் என்று இரண்டு பேனையால் குறிப்பெடுப்பேன். அங்கே தந்த சான்றிதழ்கள் எங்கள் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இனி நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு, பாவம், ஒன்றும் அறியாத தாய் என்று ஒருவரும் எனக்காக இரக்கப்பட வேண்டாம். எனக்கு எல்லாம் தெரியும்.

என்ன தெரியும்? காய்ச்சல் நோயல்ல, உள்ளே ஏதோ நடக்கிறது என்று உடம்பு தரும் தகவல். நாங்கள் அதை இறக்குவது பிள்ளையின் அந்தரத்தை, அவதியைக் குறைக்கத்தான், நோயை மாற்ற அல்ல. பரசிற்றமோல் மட்டும் போதும், அதுவும் பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். கம்பளியால் மூடி வேர்க்க வைக்கக் கூடாது. மெல்லிய சட்டை போட்டு, இளஞ்சூட்டு நீரில் துணி நனைத்து ஒற்ற வேண்டும். கஞ்சி, இளநீர், பழச்சாறு என்று மிடறு மிடறாகப் பருக்க வேண்டும். மூன்றாம் நாளும் காய்ந்தால் இரத்தம் பார்க்க வேண்டும். டெங்கு என்றால் காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாட்கள்தான் ஆபத்தானவை. காய்ச்சலைச் சட்டென்று இறக்கும் வேறு சில மருந்துகள் உண்டு. டெங்கு வந்த பிள்ளைக்கு அவற்றைக் கொடுத்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியக் கூடும். இவ்வளவும் என் கொப்பியில் நீல மையில் இருக்கிறது.

இனி அந்தப் போத்தல். என் கணவரின் அக்கா சுவிஸில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் வருவார். சொக்கிளேற், சோப்பு, தைலம் எல்லாவற்றோடும் ஒரு பை மருந்தும் வரும். தலையிடிக்கு ஒன்று, முதுகு உளைவுக்கு ஒன்று, பிள்ளையின் காய்ச்சலுக்கு ஒரு போத்தல்.

"இஞ்சத்தைய மருந்தெல்லாம் சோக்குத்தூள். இதைக் குடுத்துப் பார், ஒரு மணித்தியாலத்தில பிள்ளை ஓடித் திரியும்" என்றார் மச்சாள்.

நான் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன். தோடம்பழ வாசம் அடிக்கும் மருந்து. அளந்து வாயில் விட ஊசி இல்லாத சிறிஞ்சும் கூடவே இருந்தது. அதை அலுமாரியில் சீலைகளுக்குப் பின்னால் வைத்தேன். ஊரில் யாருடைய பிள்ளைக்காவது காய்ந்தால் கேட்டு வந்துவிடுவார்கள் என்ற கஞ்சத்தனம் ஒரு பக்கம். டெங்குப் படத்தை முன்பள்ளிச் சுவரில் ஒட்டிய ரீச்சரின் வீட்டில் இது இருப்பது தெரிந்தால் வெட்கம் என்பது மறுபக்கம். போத்தலில் எழுதியிருந்தது ஜேர்மன் மொழி. ஆனால் மருந்தின் பெயர் எந்த மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எழுத்துக்கூட்டி வாசித்திருந்தால், என் கொப்பியில் கொடுக்கக் கூடாதவை என்ற தலைப்பின் கீழ் இரண்டாவதாக இருக்கும் பெயர் அதுதான் என்று தெரிந்திருக்கும். நான் எழுத்துக்கூட்டவில்லை. கூட்டினால் தெரிந்துவிடும் என்பதால்தான் கூட்டவில்லை.

மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. மச்சாளின் மேலும் பெரிதாக இல்லை. அந்த நாட்டுப் பிள்ளைகள் அதைக் குடித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். அங்கே டெங்குவைப் பரப்பும் எங்கள் நுளம்பு இல்லை, அவ்வளவுதான். என் மகளுக்கும் முன்பு இரண்டு தடவை சளி, தடிமன் காய்ச்சலுக்குக் கொடுத்தேன். மச்சாள் சொன்னது போலவே பிள்ளை ஓடித் திரிந்தாள்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. தை மாதம், மாரி மழை விட்டுக் காணிகளுக்குள் இன்னும் தண்ணீர் நின்ற நேரம். என் கணவர் நெல் வெட்டும் மிசின் ஓடுபவர். அறுவடை தொடங்கினால் ஆளை வீட்டில் காண முடியாது. அந்தக் கிழமை மாங்குளம் பக்கம் போயிருந்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தவள் புத்தகப் பையைக் கழற்றாமலே கட்டிலில் சாய்ந்தாள். தொட்டால் சுட்டது. வெப்பமானியில் நூற்று இரண்டு. பரசிற்றமோல் கொடுத்தேன், ஒற்றினேன், கஞ்சி பருக்கினேன். புத்தகத்தில் உள்ளபடிதான் எல்லாம். பின்னேரம் அவள் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் முன்பள்ளியில சின்னாக்களுக்குப் படிக்கிற பாட்டை எனக்கும் படிக்கிறீங்களோ?"

"உமக்கென்ன, நீர் பெரிய பிள்ளையெல்லோ."

"காய்ச்சல் மாறுமட்டும் சின்னப் பிள்ளை."

பக்கத்தில் இருந்து பாடினேன். அவளுடைய ஒரு கை என் சட்டை நுனியைப் பிடித்தபடி இருந்தது. நான் பாடிக்கொண்டே கையில் கடதாசிப் பூ வெட்டிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை முன்பள்ளியில் பெற்றோர் கூட்டம். கல்விக் கந்தோரிலிருந்தும் சுகாதாரப் பகுதியிலிருந்தும் அதிகாரிகள் வருகிறார்கள். அந்தப் பகுதியில் டெங்கு பரவுகிறது என்பதால் பெற்றோருக்கு ஒரு விளக்கம் கொடுக்க வேண்டும். விளக்கம் கொடுக்கப் போவது யார்? வாய் கிழியக் கதைக்கத் தெரிந்த ரீச்சர் நான்தான்.

செவ்வாய் காலையில் மீண்டும் நூற்று இரண்டரை. பரசிற்றமோல் கொடுத்து இரண்டு மணித்தியாலமாகியும் ஒரு பாகைதான் இறங்கியது. கண்ணுக்குப் பின்னால் நோகிறது என்றாள். அதுவும் என் கொப்பியில் இருக்கிறது. டெங்குவின் அறிகுறிகளில் மூன்றாவது. நான் செய்திருக்க வேண்டியது லேசான காரியம். முன்பள்ளியின் மற்ற ரீச்சருக்குப் போன் எடுத்து, என்னால் ஏலாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சமாளித்திருப்பார். அதுதான் எனக்குப் பயம். என்னை விட நன்றாகச் சமாளித்துவிட்டால்?

அலுமாரியைத் திறந்தேன்.

ஒரு மணித்தியாலம்கூடப் போகவில்லை. பிள்ளை எழும்பி இருந்து பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டாள். கீறுவதற்குக் கடதாசி கேட்டாள். அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முன்பள்ளிக்குப் போய் சோடனை வேலையை முடித்தேன். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் என்று அன்று மூன்று தரம் கொடுத்தேன். எனக்குள் ஒரு புளுகம், ஒரு பெருமிதம்கூட இருந்தது. காய்ச்சலை நானல்லவா அடக்கி வைத்திருக்கிறேன்.

புதன் காலையில் நான்காவது தரம் கொடுத்து, தலை வாரி, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். முன்பள்ளியில் விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. மண்டபத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான் சுவர். அங்கே பாயைப் போட்டு அவளைப் படுக்க வைத்தேன்.

"ஆக்கள் வந்து நிக்கேக்க வெளியில வரப்படாது, சரியோ? அம்மா கெதியா முடிச்சுப்போட்டு வாறன்."

"ஓம்" என்றாள். அப்படி ஒரு சொல்வழி கேட்கிற பிள்ளை.

கூட்டம் நன்றாக நடந்தது. மிக நன்றாக. அதிகாரிகள் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்து, பிந்தியதற்கு மழையைக் காரணம் சொன்னார்கள். மழை நின்று ஒரு கிழமையாகியிருந்தது. நான் மஞ்சள் கைத்தறிச் சீலை கட்டியிருந்தேன். படங்களைக் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினேன். நுளம்பு பெருகும் சிரட்டை, ரயர், பூச்சாடி. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்ட பிறகுதான் விழிப்பாக இருக்க வேண்டும். தாய்மார் தலையாட்டினார்கள். பின் வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாய் எழும்பிக் கேட்டார்.

"ரீச்சர், எங்கட ஆக்கள் வெளியில இருந்து அனுப்பின மருந்து ஒண்டு கிடக்கு. குடுத்த உடன காய்ச்சல் இறங்குது. அதைக் குடுத்தால் என்ன?"

நல்ல கேள்வி என்று அவரைப் பாராட்டினேன். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

"எல்லா அம்மாமாருக்கும் சொல்லுறன். என்ன மருந்தெண்டு தெரியாததை, ஆர் அனுப்பினாலும், பிள்ளையின்ர வாயில விடாதேங்கோ. அது நஞ்சு குடுக்கிற மாதிரி. காய்ச்சலை இறக்கிப்போட்டு நாங்கள் நிம்மதியா இருப்பம், பிள்ளை உள்ளுக்குள்ள நோய் வருத்தத்தோட கிடக்கும்."

கை தட்டினார்கள். கந்தோரிலிருந்து வந்தவர் எழும்பி, இந்த ரீச்சரைப் போல ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும் என்றார். நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன். படம் எடுத்தார்கள். அன்று பின்னேரமே அது முகநூலில் வந்துவிட்டது. என் பின்னால் அந்தச் சின்ன அறையின் கதவும் படத்தில் விழுந்திருக்கிறது. கதவு சாத்தியிருந்தது.

அந்தப் பேச்சைப் பேசும்போது எனக்குள் ஏதும் உறுத்தவில்லையா என்று கேட்கலாம். நானும் என்னைப் பல தரம் கேட்டுவிட்டேன். உறுத்தவில்லை. நான் சொன்னது மற்றத் தாய்மாருக்கு. அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ஆகவே நான் கொடுக்கலாம். படித்தவர்களின் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது போலும்.

ஆட்கள் போன பிறகு உள்ளே போனேன். மகள் கண்ணைத் திறந்துகொண்டு மேலே கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அம்மா, எனக்குத் தாறது என்ன மருந்தெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தட்டி அவ்வளவு மெல்லியது.

"தெரியும் குஞ்சு. அது மாமி தந்தது, நல்ல மருந்து. நான் சொன்னது வேறை மருந்து."

வீட்டுக்கு வந்ததும் உடம்பு மீண்டும் சூடு பிடித்தது. சிறிஞ்சில் மருந்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து குடித்தாள். நஞ்சு மாதிரி என்று தாய் சொன்னதைத் தன் காதால் கேட்ட பிள்ளை, அதே தாயின் கையால் வாங்கிக் குடித்தாள். முரண்டு பிடித்திருக்கலாம், துப்பியிருக்கலாம். மற்ற நாட்களில் கசப்பு மருந்துக்கு வீடு முழுக்க ஓடுபவள்தான். அன்று ஓடவில்லை.

இரவு ஆறாவது தரம் கொடுத்தேன். வியாழன் காலையில் காய்ச்சல் இல்லை. காலை மருந்தைக் கொடுக்க முன்னமே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஏழாவது தரத்தையும் கொடுத்தேன். மாங்குளத்திலிருந்து கணவர் போன் எடுத்தபோது, "விட்டுட்டுது, நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பலாம்" என்றேன். மத்தியானம் சோற்றைக் கண்டதும் சத்தி எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். கையைத் தொட்டேன். பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. ஓட்டோ பிடித்துக் கிளிநொச்சிக்குக் கொண்டு போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வார்ட்டில் மறித்தார்கள். டெங்கு. குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை நன்றாக இறங்கியிருந்தது.

அங்கே இருந்த டொக்டர் இளம் பெண். சிங்களப் பிள்ளை, தமிழ் படித்துக் கதைப்பவர். ஒரு சத்தம் போட்டிருந்தால், மூஞ்சியைச் சுழித்திருந்தால், பயத்தில் மறைத்தேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அவர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார்.

"அம்மா என்ன வேலை?"

"முன்பள்ளி ரீச்சர்."

"ஆ, நல்லம். அப்ப உங்களுக்கு எல்லாம் விளங்கும். பரசிற்றமோல் இல்லாம வேற மருந்து ஏதாவது பிள்ளைக்கு குடுத்ததா?"

"இல்லை டொக்டர்."

யோசிக்காமலே வந்தது. பொய் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. உங்களுக்கு எல்லாம் விளங்கும் என்று ஒருவர் சொன்ன பிறகு, ஏழு தரம் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? அவர் ஓம் என்று தலையாட்டி எழுதிக்கொண்டார். பிள்ளை குடிப்பதையும் சலம் போவதையும் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அளந்து எழுத ஒரு தாளைத் தந்தார். சிவப்பு, கறுப்பு நிறத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம், சத்தி எடுத்தால் இரத்தமா என்று தெரியாமல் போய்விடும் என்றார். நான் அந்தத் தாளை எவ்வளவு வடிவாக நிரப்பினேன் தெரியுமா? தாதி வந்து பார்த்துவிட்டு, எல்லாத் தாய்மாரும் இப்படி எழுதினால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைக்கு மலம் கறுப்பாகப் போனது. தார் மாதிரி. தாதி உடனே போய்ச் சொன்னார். டொக்டர் வந்து வயிற்றை அமத்திப் பார்த்தார், நாடி பார்த்தார், தாளைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஏதோ பொருந்தவில்லை என்ற யோசனை.

"அம்மா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. வேற மருந்து ஒண்டும் இல்லையா? காய்ச்சலுக்கு, நோவுக்கு?"

பக்கத்துக் கட்டில்களில் தாய்மார் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் முன்பள்ளிப் பிள்ளையின் தாய். புதன்கிழமை கை தட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"இல்லை டொக்டர்" என்றேன்.

அவர் கட்டிலின் மறுபக்கம் போய்க் குனிந்தார். மகளின் தலையைத் தடவினார்.

"பபா, நீங்க சொல்லுங்க. அம்மா வீட்டில வேற மருந்து தந்ததா?"

மகள் முதலில் என்னைப் பார்த்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. சொல்லிவிடு என்று மனதுக்குள் மன்றாடினேனா, சொல்லாதே என்று மன்றாடினேனா? இரண்டாவதுதான்.

"இல்லை. பரசிற்றமோல் வெள்ளைச் சிரப் மட்டும்தான் குடிச்சனான்" என்றாள்.

டொக்டர் அவளுடைய கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஏழு வயதுப் பிள்ளை வருத்தத்தில் கிடந்துகொண்டு பொய் சொல்லும் என்று யார்தான் நினைப்பார்கள்? அவர் அப்பால் போனதும் மகள் என் கையைப் பிடித்து மெல்ல மெல்லத் தட்டினாள், தூங்க வைக்கும்போது நான் அவளுக்குத் தட்டுவது போல.

"பயப்பிடாதேங்கோ அம்மா. நான் சொல்ல மாட்டன்."

வருத்தக்காரப் பிள்ளையைப் பார்ப்பது எப்படி என்று கூட்டத்தில் பேசியவள் நான். அந்த வார்ட்டில் என்னைத் தேற்றியது அவள். உயிருக்குப் போராடிக்கொண்டு, நான் வெட்கப்பட்டுவிடக் கூடாது என்று காவல் காத்தாள்.

உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். எழும்பவில்லை. இனி இரத்தம் போகாது, மருந்து ஏறுகிறதுதானே, தானாகச் சரிவந்துவிடும் என்று இருந்தேன். அடுத்த மணித்தியாலச் சலத்தை அளந்து எழுதும் வரைக்கும் அப்படியே இருந்தேன். தாளில் எண்ணை எழுதும்போதுதான் பார்த்தேன். முன்னைய மணித்தியாலத்தின் பாதிகூட இல்லை. அந்த எண் என்னைத் தள்ளியது. என் நல்ல மனம் தள்ளவில்லை.

டொக்டர் தாதிகளின் மேசையடியில் நின்றார். கிட்டப் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னேன். அந்த நேரத்திலும் குரலைத் தாழ்த்த எனக்குத் தெரிந்திருந்தது.

"வேறை மருந்து குடுத்தனான். வெளிநாட்டு மருந்து."

பெயர் தெரியுமா என்று கேட்டார். சொன்னேன். ஓட்டோவில் வரும் வழியில் போத்தலில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி, போனில் தேடிப் பார்த்திருந்தேன். ஆக, முதல் தரம் அவர் கேட்டபோதே எனக்குத் தெரியும்.

"எத்தனை தரம்?"

"ஏழு."

"கடைசியா எப்ப?"

"நேற்றுக் காலமை ஆறு மணிக்கு."

ஏசுவார் என்று நின்றேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் நின்றேன். அவர் ஏசவில்லை. பேனையை எடுத்து எழுதினார், தாதியிடம் சிங்களத்தில் ஏதோ விரைவாகச் சொன்னார், இரத்தம் ஏற்றுவதற்கு ஆயத்தம் செய்யச் சொன்னார் என்று பிறகுதான் விளங்கியது. போகும்போது மட்டும் திரும்பி, "பிள்ளைக்கிட்ட சொல்லுங்க அம்மா, உண்மை சொன்னா நாங்க ஏச மாட்டம்" என்றார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

அதை நான் பிள்ளையிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நான் பொய் சொன்னேன், நீயும் சொன்னாய், இரண்டும் பிழை என்றா? பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று விட்டேன்.

இரத்தம் ஏற்றினார்கள். ஞாயிறு அளவில் பிள்ளை பசிக்கிறது என்றாள். செவ்வாய் வீட்டுக்கு விட்டார்கள். கணவர் மிசினை விட்டுவிட்டு வெள்ளி பின்னேரமே வந்திருந்தார். அவரிடம் டெங்கு என்று மட்டும் சொன்னேன். சுவிஸிலிருந்து மச்சாள் போன் எடுத்து, "நான் தந்த மருந்தைக் குடுத்திருக்கலாமெல்லோ" என்றார். "அது முடிஞ்சுது மச்சாள்" என்றேன். மகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முன்பள்ளித் தாய்மார் தோடம்பழமும் இளநீருமாக வந்தார்கள். ரீச்சர் என்றபடியால் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ப் பிள்ளையைக் காப்பாற்றினார் என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். நான் மறுக்கவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அதையும் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறுதலாகச் சொல்லலாம் என்றது அப்படியே கிடந்தது. பிள்ளை சுகமாகிவிட்டாள், உடம்பு தேறிவிட்டது, மறந்திருப்பாள் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கு வசதியானதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை.

ஆவணியில் ஒரு நாள் அவளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. காலைப் பிரார்த்தனை நேரம் பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள், நல்ல காய்ச்சல், உடனே வாருங்கள் என்றார்கள். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். அதிபரின் அறையில் வாங்கில் படுக்க வைத்திருந்தார்கள். தொட்டேன். நெருப்பாகக் கொதித்தது. இது ஒரு நாள் காய்ச்சல் இல்லை என்று என் கைக்குத் தெரிந்தது.

"எப்ப தொடக்கம் காயுது பிள்ளை?"

"முந்தநாள் தொடக்கம்."

முந்தநாள் இரவு முதுகைக் காட்டிப் படுத்தது ஞாபகம் வந்தது. நேற்றுத் தலை வாரவும் விடவில்லை. தானே வாரிக்கொண்டு போனாள். இப்போது விளங்கியது, என் கை நெற்றியில் படாமல் பார்த்திருக்கிறாள். மற்றப் பிள்ளைகளின் செருப்பைப் பார்த்தே காய்ச்சலைக் கண்டுபிடிக்கிற எனக்கு, என் பக்கத்திலேயே படுத்த பிள்ளையின் காய்ச்சல் இரண்டு நாள் தெரியவில்லை.

"ஏன் குஞ்சு அம்மாட்டைச் சொல்லேல்லை? அம்மா ஏசுவன் எண்டோ?"

தலையை இல்லை என்று ஆட்டினாள். அறையில் அதிபரும் வகுப்பு ரீச்சரும் நின்றார்கள். அவள் என்னைக் குனியச் சொன்னாள். குனிந்தேன். அவர்களுக்குக் கேட்காத குரலில், என்னைப் போலவே தாழ்த்தி, காதுக்குள் சொன்னாள்.

"எனக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள் டொக்டரிட்டப் பொய் சொல்ல வேண்டி வருமெல்லோ அம்மா. அதுதான்."